தொழில் தகராறில் நடுவர் எதை வைத்து முடிவு சொல்கிறார்?

1918 மார்ச்சில் அகமதாபாத் மில் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பியபோது அவர்களுக்குப் போடப்பட்ட கூலிக் கணக்கு வேறெங்கும் கேள்விப்படாதது. முதல் நாள் 35 சதவீத உயர்வு. இரண்டாம் நாள் 20 சதவீதம். மூன்றாம் நாளிலிருந்து நடுவர் தீர்ப்பு வரும்வரை 27.5 சதவீதம்.

ஊரில் பிளேக் பரவியபோது தொழிலாளர்கள் ஓடிவிடாமல் இருக்க மில் முதலாளிகள் 'பிளேக் போனஸ்' கொடுத்துவந்தார்கள். நோய் தணிந்ததும் அதை நிறுத்தினார்கள். முதல் உலகப் போரின் விலைவாசி மட்டும் தணியவில்லை. தொழிலாளர்கள் 50 சதவீத உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20க்கு மேல் நகர மறுத்தார்கள். காந்தியும் அவரோடு இருந்தவர்களும் கூலி நிலவரத்தை விசாரித்துக் கணக்குப் போட்டு 35 தான் நியாயம் என்றார்கள். தொழிலாளர்களும் அதற்கு இறங்கி வந்தார்கள். பிப்ரவரி 22 அன்று கதவடைப்பு தொடங்கியது. மார்ச் 15 அன்று காந்தி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். முதலாளிகளின் பக்கம் அம்பாலால் சாராபாய். தொழிலாளர்களின் பக்கம் அவருடைய கூடப்பிறந்த அக்கா அனசூயா. மூன்று நாளில் உடன்பாடு ஏற்பட்டது. குஜராத் கல்லூரிப் பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவாவை நடுவராக வைத்து, அவர் சொல்வதை இரு பக்கமும் ஏற்பது என்று முடிவானது.

முதல் நாள் 35 சதவீதம் தொழிலாளர்கள் எடுத்த சபதத்துக்காக. இரண்டாம் நாள் 20 சதவீதம் முதலாளிகள் பிடித்த பிடிக்காக. 27.5 என்பது 35க்கும் 20க்கும் சரியாக நடுவில் விழும் எண். இரு தரப்பும் தாங்களே பேசிக்கொண்டால் வரக்கூடிய எண் அதுதான். ஆகஸ்டில் துருவா தீர்ப்புச் சொன்னார்: 35 சதவீதம்.

நடுவர் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கும் பஞ்சாயத்துதான் மனதில் வருகிறது. அவன் நூறு கேட்கிறான், இவன் ஐம்பது தருகிறேன் என்கிறான், சரி எழுபத்தைந்தில் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்பவரே நடுவர் என்ற நினைப்பு. அது சமரசம் செய்பவரின் வேலை. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் இரு தரப்பையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துச் செய்வது அதைத்தான். அங்கே ஒப்புக்கொண்டால் ஒப்பந்தம் ஆகிவிடும்; 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் இருந்தவரை, அதன் பிரிவு எண்ணை வைத்து அதை '12(3) ஒப்பந்தம்' என்பார்கள். நடுவர் வருவதே அது கைகூடாத பிறகு. அவர் காரணம் எழுதி முடிவு சொல்ல வேண்டும். காரணம் இல்லாமல் நடுவில் கோடு கிழித்தால் அந்தத் தீர்ப்பு உயர் நீதிமன்றத்தில் நிற்காது.

பாதியாகப் பிளக்கிறார் என்ற சந்தேகம் உலகம் முழுக்க இருப்பதுதான். அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களின் சம்பளத் தகராறில் 1974 முதல் ஒரு முறை நடக்கிறது. ஆட்டக்காரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும். இரண்டில் ஒன்றைத்தான் நடுவர் எடுக்கலாம், இடையில் எதையும் சொல்லக்கூடாது. நடுவர் பாதியில் வெட்டுவார் என்று தெரிந்தால் ஒருவர் கூட்டிக் கேட்பார், மற்றவர் குறைத்துச் சொல்வார்; அதற்கு இடமில்லாமல் செய்யத்தான் இந்த ஏற்பாடு. நம் நாட்டில் அப்படி ஒரு விதி இல்லை. இங்கே நடுவரைக் கட்டுப்படுத்துவது வேறு சில விஷயங்கள்.

அதற்கு முன், நடுவர் என்று இங்கே யாரைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 10ஏ என்ற பிரிவு 1956இல் சேர்க்கப்பட்டது. நிர்வாகமும் தொழிலாளர்களும் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு தாங்களே ஒருவரை நடுவராக வைத்துக்கொள்ளலாம் என்றது அது. அகமதாபாத்தில் நடந்ததன் சட்ட வடிவம் என்றே சொல்லலாம். நடைமுறையில் இந்த வழியில் போகிறவர்கள் குறைவு. இரு தரப்பும் நம்பும் ஒரு பெயர் கிடைப்பது கஷ்டம். அந்த நம்பிக்கை இருந்தால் தகராறே அவ்வளவு தூரம் வந்திருக்காது. பெரும்பாலான வழக்குகள் தொழிலாளர் நீதிமன்றத்துக்கோ தொழில் தீர்ப்பாயத்துக்கோதான் போயின. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. விரும்பி வைத்துக்கொள்ளும் நடுவர் முறையும், தண்டனையைக் குறைக்கும் அதிகாரமும் அதிலும் இருக்கின்றன. இருக்கையில் உட்காருபவர் யாரானாலும் யோசிக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், எல்லோரையும் நடுவர் என்றே இங்கே சொல்கிறேன்.

நடுவர் முதலில் பார்ப்பது தன்னிடம் கேட்கப்பட்ட கேள்வியை. "இன்னாரை வேலைநீக்கம் செய்தது நியாயமா? இல்லையென்றால் அவருக்கு என்ன நிவாரணம்?" என்ற மாதிரி ஒரு வாசகம் இருக்கும். அதற்கும் அதோடு ஒட்டிய விஷயங்களுக்கும்தான் அவர் பதில் சொல்ல முடியும். அந்தக் கம்பெனியில் கேன்டீன் சாப்பாடு மோசம், ஓவர்டைம் கணக்கில் குளறுபடி என்று தொழிலாளி எவ்வளவு சொன்னாலும், கேள்விக்குள் வராதது தீர்ப்புக்குள் வராது. இரண்டு வருடம் வழக்கு நடத்திவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை என்று கடைசியில் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வேலைநீக்க வழக்கில் அடுத்துப் பார்ப்பது உள்விசாரணைக் கோப்பு. நியாயம் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது அல்லது தொலைகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலையின் ஒரு சிறிய அறை. மேஜைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி. பல நேரம் கம்பெனி சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்த வக்கீல். ஒரு பக்கம் மனிதவளத் துறை ஆள், கையில் கோப்பு. எதிரில் தொழிலாளி, அவருக்குத் துணையாக ஒரு சக தொழிலாளி. குற்றச்சாட்டு மெமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. சூபர்வைசர் வந்து நடந்ததைச் சொல்கிறார். "குறுக்கு விசாரணை செய்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். தொழிலாளிக்குக் குறுக்கு விசாரணை என்றால் என்னவென்றே தெரியாது. "நான் எந்தத் தப்பும் பண்ணலை சார்" என்கிறார். "குறுக்கு விசாரணை செய்ய விரும்பவில்லை" என்று பதிவாகிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வாங்குகிறார்கள். பல மாதங்கள் கழித்து நடுவர் கையில் வரும்போது அந்தப் பக்கங்களில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரியும் அந்தக் கையெழுத்தும்தான்.

நல்ல நடுவர் அந்தக் கோப்பை வரிக்கு வரி படிப்பார். குற்றச்சாட்டு இன்ன தேதி, இன்ன இடம், இன்ன செயல் என்று தெளிவாக இருக்கிறதா? தொழிலாளிக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டதா? அவர் கேட்ட ஆவணங்களைக் கொடுத்தார்களா? அவருடைய சாட்சிகளைக் கூப்பிட வாய்ப்பு இருந்ததா? தற்காலிக நீக்கத்தில் வைத்திருந்த காலத்துக்குப் பிழைப்பூதியம் போய்ச் சேர்ந்ததா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சின்ன விஷயம் என்று நினைக்கக்கூடாது. கோலார் தங்க வயலில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த ஒருவரைத் தற்காலிகமாக நீக்கி, பிழைப்பூதியம் கொடுக்காமலே விசாரணை நடத்தினார்கள். கேரளத்தில் இருந்த வீட்டிலிருந்து கோலார் வந்து போக அவரிடம் காசு இல்லை. அவர் இல்லாமலே விசாரணையை முடித்து வேலையைப் பறித்தார்கள். 1999இல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணை செல்லாது என்றது. பஸ்ஸுக்குக் காசில்லாதவனை ஏன் வரவில்லை என்று கேட்பது விசாரணை ஆகாது. அவ்வளவு எளிய விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

விசாரணை பழுது என்று நடுவர் கண்டால் தொழிலாளி ஜெயித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. இதில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். 1973இல் ஃபயர்ஸ்டோன் டயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. விசாரணை சரியில்லை என்றாலும், விசாரணையே நடக்கவில்லை என்றாலும், நிர்வாகம் நடுவர் முன்னால் புதிதாகச் சாட்சி கொண்டுவந்து குற்றத்தை நிரூபிக்கலாம். விசாரணை சரியாக நடந்திருந்தால், அந்தக் கோப்பில் இருக்கும் சாட்சியத்தை வைத்தே நடுவர் தன் சொந்த முடிவுக்கு வரலாம்.

எவ்வளவு நிரூபித்தால் போதும்? கிரிமினல் வழக்கில் கேட்கும் அளவு இங்கே வேண்டாம். நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் போதும். ஹரியானா அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதனை நடந்தது. பணம் கொடுத்தும் டிக்கெட் வாங்காத பயணிகள் சிக்கினார்கள். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது பயணிகள் மறுத்தார்கள். கண்டக்டரை வேலையிலிருந்து எடுத்தார்கள். பயணிகளில் ஒருவரைக்கூடச் சாட்சியாக விசாரிக்கவில்லையே என்று கீழ் நீதிமன்றங்கள் கண்டக்டர் பக்கம் நின்றன. 1977இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உள்விசாரணையில் சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகள் பொருந்தாது, விவேகமுள்ள ஒருவர் நம்பக்கூடிய ஏதோ ஒரு சாட்சியம் இருந்தால் போதும் என்றது. அது சிவில் வழக்காக வந்ததுதான், ஆனால் இன்றுவரை உள்விசாரணை பற்றிய பேச்சு வந்தால் நிர்வாகத்தின் வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். அந்த விதியில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க மாட்டேன். இறங்கிப் போன பயணியை எங்கே தேடுவது? ஆனால் 'ஏதோ ஒரு சாட்சியம்' என்பது சோம்பேறி நடுவரின் கையில் போனால் சூபர்வைசரின் வாய்ச்சொல்லே வேதம் ஆகிவிடும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

குற்றம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு வேலையையே பறிக்க வேண்டுமா? நடுவரின் சொந்த மனசாட்சிக்கு வேலை வருவது இந்தக் கேள்வியில். 1971 வரை இதில் அவருக்கு அதிகாரம் குறைவாகவே இருந்தது. பழிவாங்கல், கெட்ட எண்ணம், அடிப்படைத் தவறு, ஆதாரமே இல்லாத முடிவு போன்ற சில காரணங்கள் இருந்தால்தான் நிர்வாகத்தின் முடிவில் கைவைக்க முடியும். 1947 சட்டத்தில் சேர்க்கப்பட்டு 1971 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த 11ஏ பிரிவு அதை மாற்றியது. நீக்கம் நியாயமில்லை என்று தோன்றினால் அதை ரத்து செய்யலாம், குறைந்த தண்டனை கொடுக்கலாம், நிபந்தனையோடு வேலையில் திரும்ப வைக்கலாம்.

இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று புரியும். இரண்டும் வேலை நேரத்தில் தூங்கிய குற்றம். இரண்டும் மகாராஷ்டிராவிலிருந்து வந்தவை. கலர்-கெம் கம்பெனியில் இரவு ஷிப்டில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கியதாகத் தொழிலாளர்களை நீக்கினார்கள். 1998இல் உச்ச நீதிமன்றம், குற்றத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தண்டனை அதிர்ச்சி தரும் அளவு அதிகம், இப்படிச் செய்வதே ஒருவகைப் பழிவாங்கல் என்றது. பாரத் ஃபோர்ஜில் 1983 ஆகஸ்ட் 26, காலை 11.40 மணி. ஒரு தொழிலாளி தான் வேலை செய்யும் இடத்திலேயே ஓர் இரும்புத் தகட்டின்மேல் படுத்து நல்ல தூக்கத்தில் இருந்தார். இதற்கு முன் மூன்று தடவை ஒழுங்குக் குற்றத்தில் சிக்கிச் சின்னத் தண்டனையோடு விடப்பட்டவர். 2005இல் உச்ச நீதிமன்றம் அவருடைய நீக்கம் சரிதான் என்றது.

தூக்கம் ஒன்றுதான். முதல் வழக்கில் விடியும் முன் கண் சொருகும் நேரம். இரண்டாவதில் பட்டப்பகல், பின்னால் மூன்று எச்சரிக்கைகள். கம்பெனிகளின் ஒழுங்கு விதிகளுக்கு அரசு வகுத்துக் கொடுத்த மாதிரி நிலையாணைகளே இதைச் சொல்கின்றன: குற்றத்தின் கனம், பழைய பதிவு, குற்றத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் சூழ்நிலை ஆகியவற்றைப் பார்த்துத்தான் தண்டனை கொடுக்க வேண்டும். நடுவர் வந்து புதிதாகக் கண்டுபிடிக்கும் விஷயம் எதுவும் இல்லை. நிர்வாகம் பார்க்க வேண்டியதைப் பார்த்ததா என்று அவர் சரிபார்க்கிறார்.

அதே நேரம், எல்லாம் அளவுகோலில் அடங்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. மேலதிகாரியைத் தகாத வார்த்தையில் பேசிய ஒருவருக்கு 1982இல் உச்ச நீதிமன்றம் இரண்டு இன்கிரிமென்டை நிறுத்தினால் போதும் என்றது. 14 வருட சர்வீஸில் அவர்மேல் வேறு புகார் இல்லை. 2005இல் மகிந்திரா அண்டு மகிந்திரா வழக்கில் அதேபோல் சூபர்வைசரைத் திட்டியவருக்கு நீக்கம் சரி என்றது. பேசிய சொற்களும் சூழ்நிலையும் வேறுதான். ஆனால் இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் காலமும் மாறியிருந்தது என்பது என் எண்ணம். 1970களின் கடைசியிலும் 80களிலும் நீதிமன்றங்களின் பார்வை தொழிலாளியின் வயிற்றைப் பார்த்தது. 2000க்குப் பிறகு பட்டறையின் ஒழுங்கைப் பார்த்தது. எந்தப் பத்தாண்டில் உன் வழக்கு வருகிறது என்பதும் ஒரு தொழிலாளியின் தலையெழுத்தை முடிவு செய்கிறது என்பது எனக்கு உறுத்தலான விஷயம்.

பணத்தைக் கையாளுபவர்கள் விஷயத்தில் மட்டும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஒரே குரலில் பேசுகின்றன. கண்டக்டர் எடுத்தது ஐந்து ரூபாயா ஐந்நூறா என்று பார்ப்பதில்லை, நம்பிக்கை போய்விட்டது என்கிறார்கள்.

11ஏ பிரிவின் வாசகத்தில் தொழிலாளர் நீதிமன்றம், தீர்ப்பாயம், தேசியத் தீர்ப்பாயம் என்றுதான் இருந்தது. இரு தரப்பும் தேர்ந்தெடுத்த நடுவரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கவில்லை. அப்படியானால் அவருக்கு அந்த அதிகாரம் உண்டா? குஜராத் ஸ்டீல் ட்யூப்ஸ் வழக்கில் இந்தக் கேள்வி வந்தது. 1973 வேலைநிறுத்தத்தை ஒட்டி நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கூட்டமாக வெளியேற்றப்பட்டார்கள். விஷயம் 10ஏ நடுவரிடம் போனது. அவர் நிர்வாகம் செய்தது சரி என்றார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1979இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, நடுவருக்கும் அந்த அதிகாரம் உண்டு, அவர் வெறும் தனியார் பஞ்சாயத்துக்காரர் இல்லை, உயர் நீதிமன்றம் அவர் முடிவைப் பரிசீலிக்கவும் முடியும் என்றது. யார் யார் என்ன தவறு செய்தார்கள் என்று தனித்தனியாகக் காட்டாமல் கூட்டமாக வெளியே அனுப்புவதை அது ஏற்கவில்லை. மூன்று பேர் அமர்வில் ஒரு நீதிபதி மாறுபட்டார்.

சம்பளத் தகராறு வேறு உலகம். அங்கே குற்றவாளி யாரும் இல்லை, சாட்சிக் கூண்டில் நிற்பது எண்கள். முதல் படி குறைந்தபட்சக் கூலி. அதைக் கொடுக்க வக்கில்லாத தொழில் நடக்கவே உரிமை இல்லை என்று 1957இல் கிரௌன் அலுமினியம் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே "நஷ்டம் சார்" என்ற பேச்சுக்கு இடமில்லை. அதற்கு மேலே போகும்போதுதான் கம்பெனியின் தாங்கும் சக்தியையும், அதே வட்டாரத்தில் அதே தொழிலில் மற்ற கம்பெனிகள் என்ன கொடுக்கின்றன என்பதையும் நடுவர் பார்ப்பார். பேலன்ஸ் ஷீட்டை அப்படியே நீட்டினால் போதாது, அதில் இருக்கும் எண்களைச் சாட்சி சொல்லி நிரூபிக்க வேண்டும்.

இதில் சென்னைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. ரெப்டகோஸ் பிரெட் கம்பெனியின் சென்னைத் தொழிற்சாலையில் பல வருடமாக ஸ்லாப் முறையில், அதாவது விலைவாசிக்கும் அடிப்படைச் சம்பளத்துக்கும் ஏற்ப ஏறும் விதத்தில், பஞ்சப்படி கொடுத்துவந்தார்கள். அது அதிகமாகப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது, தீர்ப்பாயம் ஒத்துக்கொண்டது. 1991இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. தொழிலாளிக்குக் கிடைப்பது தேவையை ஒட்டிய கூலிக்கும் மேலே போய்விட்டது என்று நிர்வாகம் முதலில் நிரூபிக்க வேண்டும். அதைச் செய்யாமல் இருக்கிற பஞ்சப்படியைக் கலைக்க முடியாது என்றது. அந்தத் தேவையை எப்படி அளப்பது? 1957 இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு கணக்கு வைத்திருந்தது. சம்பாதிப்பவர் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகு என்று குடும்பத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,700 கலோரி. குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கஜம் துணி. வீட்டு வாடகை. விறகு, விளக்கு, இதரச் செலவுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். குழந்தைகள் படிப்பு, மருத்துவம், விசேஷ நாட்கள், கல்யாணம், வயதான காலம் இவற்றுக்காக இன்னும் 25 சதவீதத்தை உச்ச நீதிமன்றம் ஆறாவதாகச் சேர்த்தது. இன்றும் சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் சங்கங்கள் எடுத்து வைக்கும் கணக்கு இது. ஒரு தொழிலாளியின் பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்பது ஒரு தீர்ப்பில் சம்பளத்தின் ஒரு பங்காக ஏறியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆக, நடுவர் பாதியில் வெட்டுவதில்லை என்று இதுவரை சொல்லிவந்தேன். ஒரு இடத்தில் மட்டும் வெட்டுகிறார், அதையும் சொல்லியாக வேண்டும். பின்சம்பளம். நீக்கியது தவறு, மீண்டும் வேலை கொடு என்று தீர்ப்பாகிறது. இடையில் போன எட்டு வருடம், பத்து வருடத்துக்கான சம்பளம்? 25 சதவீதம், 40, 50 என்று எண்கள் வரும். ஏன் 40, ஏன் 50 என்பதற்குப் பல தீர்ப்புகளில் ஒரு வரிக் காரணம்கூட இருக்காது. 1978இல் ஹிந்துஸ்தான் டின் வொர்க்ஸ் வழக்கு, முழுப் பின்சம்பளமே இயல்பான விதி, குறைப்பதென்றால் காரணம் வேண்டும் என்றது. அந்தக் கம்பெனியின் நிதி நிலைமையைப் பார்த்து 75 சதவீதம் என்று முடித்தது. 2000க்குப் பிறகு அந்த விதி தேய்ந்தது. 2013இல் மகாராஷ்டிராவின் ஒரு பள்ளி ஆசிரியை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுபடி நிறுத்தியது. வேறெங்கும் சம்பாதிக்கும் வேலையில் நான் இல்லை என்று நீக்கப்பட்டவர் சொல்ல வேண்டும். அதன் பிறகு, "இல்லை, அவர் வேலையில் இருந்தார்" என்று காட்டும் பொறுப்பு நிர்வாகத்துடையது.

அதனால் தொழிற்சங்கத்தில் இருக்கும் நண்பர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். மனு எழுதும்போது 'வேறெங்கும் சம்பாதிக்கும் வேலையில் நான் இல்லை' என்ற அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், கூண்டில் ஏறும்போதும் அதைச் சொல்ல வையுங்கள். "இத்தனை வருடம் குடும்பம் எப்படி நடந்தது?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் கேட்பார். மனைவி தையல் மெஷின் மிதித்தார், மச்சான் அரிசி வாங்கிப் போட்டார், கொஞ்ச நாள் கட்டட வேலைக்குப் போனேன், தினம் கிடைக்காது என்று உள்ளதை உள்ளபடி தேதியோடு சொல்லட்டும். வெட்கப்பட்டுக்கொண்டு "எப்படியோ ஓடிச்சு சார்" என்று சொன்னால் பதிவாவதும் அதுதான், நடுவர் கையில் கடைசியில் இருப்பதும் அதுதான்.